வாக்குத்தத்த அட்டை பொய்யாகிவிட்டதா?

வாசகி எழுதியது:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

எனக்கு வயது 36. ஊர் கருங்கல் பக்கம். பிறந்ததிலிருந்தே சி.எஸ்.ஐ. சபை. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு.

இந்த வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கான வாக்குறுதியாக எடுக்கிற வசன அட்டை) சங்கீதம் 91:10 இருந்தது. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." சந்தோஷப்பட்டு பிரேம் போட்டு முன்னறையில் மாட்டினேன். ஏப்ரலில் என் ஒரே தம்பி பைக்கில் வரும்போது டாரஸ் லாரி மோதி இறந்துவிட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் மோட்டார் ஓடவில்லை, நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "அவன் ஜெபம் பண்ணாமல் வண்டியை எடுத்தான்" என்று.

ஜூன் மாதத்திலிருந்து எனக்கு ராத்திரி 2 மணி வாக்கில் ஒரே வெப்ராளம். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை விரல் மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும். எழுந்து பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவருக்குப் போன் பண்ணுவேன். இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். பத்து நாள் போட்டும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துகிற சகோதரி, "பயம் ஒரு ஆவி, மாத்திரை போடுகிறவளுக்கு விசுவாசம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நிறுத்திவிட்டேன். தலையணைக்கு அடியில் பைபிள் வைத்துத்தான் படுக்கிறேன். 91ஆம் சங்கீதம் பத்தாம் வசனத்துக்கு வந்தால் தொண்டை அடைக்கிறது. அட்டை பொய் சொல்லிவிட்டதா, இல்லை என் விசுவாசம் குறைவா? சின்ன வயதில் பாட்டி பக்கத்தில் படுத்துப் பயமில்லாமல் தூங்கின மாதிரி கர்த்தருடைய அடைக்கலத்தில் இனி எனக்கு எப்போது தூக்கம் வரும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது சங்கீதத்தைப் பற்றி. நான் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட ஒருவருக்கு எந்த வசனமும் நேராகத் தெரியாது.

ராத்திரி 2 மணிக்கு உங்களுக்கு வருவதை நாங்கள் பேனிக் அட்டாக் என்போம். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார்ப்படுத்துகிற ஏற்பாடு ஒன்று எல்லோருக்கும் உண்டு. ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் அது தானாகவே முழு வேகத்தில் கிளம்பிவிடுகிறது. அதனால் நெஞ்சு படபடக்கிறது. மூச்சை வேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரம் சாவு மாதிரி இருக்கும், ஆனால் அதனால் யாரும் சாவதில்லை. ஒரு மரணத்துக்குப் பிறகு சில வாரங்கள் கழித்து இது ஆரம்பிப்பது நாங்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று. இசிஜி சரியாக இருப்பது நல்ல விஷயம். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் பார்த்துவிடுங்கள், இரண்டுமே படபடப்பைக் கொடுக்கும்.

"பத்து நாள் போட்டும் ஒன்றும் தெரியவில்லை" என்கிறீர்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக இதற்குக் கொடுக்கிற முதல் மருந்தாக இருந்தால் பத்து நாளில் தெரியாதுதான். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் பதற்றமும் இருக்கலாம். இதை யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லாமல் விட்டிருந்தால் அது எங்கள் ஆட்களின் குறை. இவற்றால் அடிமைத்தனம் வருவதில்லை. கூடவே தூக்கத்துக்கு என்று குளோனசெபாம் மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் அது கொஞ்ச நாளைக்கு மட்டும். அதை நாமாகவே நீட்டிக்கொண்டு போகக்கூடாது. நிறுத்தினதை இன்றைக்கு நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். அதே டாக்டரிடம் போய் "நிறுத்திவிட்டேன், காரணம் இது" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் கோபப்படமாட்டார். எங்களுக்கு இது வாரத்துக்கு நாலு தடவை நடக்கிற கதை.

இனி அந்தச் சகோதரி சொன்னது. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்ற வசனத்தைத்தான் அவர் மனதில் வைத்திருப்பார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது. அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு எழுதின முந்தின நிருபத்தில், உன் வயிற்றுக்காகவும் உனக்கு அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிறார். அந்தக் காலத்தில் அதுவும் ஒரு மருந்துதான். தன்னைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்கிறார். பவுலுக்கு உள்ளே பயம் இருந்தது என்றால் கருங்கல் பக்கத்தில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு இருக்கக்கூடாதா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருந்தையும் விசுவாசத்தையும் எதிரெதிராக நிறுத்துவது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும். உங்கள் ஊரிலிருந்து நெய்யூர் எவ்வளவு தூரம்? லண்டன் மிஷன் 1838இல் மருத்துவ வேலையைத் தொடங்கின இடம் அது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் 1922லும் 1924லும் மலைக்குப் போனவர். அவர் நெய்யூரில் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்து ஆபரேஷன் செய்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருப்பார்கள். நமக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்த அதே கைகள்தான் மருந்துப் பெட்டியையும் கொண்டுவந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சகோதரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் உங்கள் மாத்திரையைப் பற்றி அவரிடம் இனிப் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, சங்கீதத்துக்கு வருவோம். நான் போதகர் இல்லை. நீங்கள் உட்காருகிற அதே மாதிரி பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை உட்காருகிற ஆள், அவ்வளவுதான். அந்த அளவில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் 16 வசனம் உள்ள ஒரு பாட்டிலிருந்து ஒன்றை மட்டும் வெட்டியெடுத்து, பெயரும் தேதியும் போட்ட பாலிசி பத்திரம் மாதிரி கையில் கொடுத்துவிட்டோம். டிசம்பர் 31 ராத்திரி கூடையில் கையை விட்டு எடுக்கிற அந்த வழக்கம் எனக்கும் பிடிக்கும். அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் "இந்த வருஷம் உன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்று எந்த அட்டையும் சொல்ல முடியாது. அப்படிக் கேட்டுப் பழகினால், ஏதாவது நடக்கும்போது ஒன்று கடவுள் பொய்யர், இல்லையென்றால் நான் தகுதியில்லாதவள் என்ற இரண்டு வழிதான் மிஞ்சும். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில்.

பத்தாம் வசனத்தில் நின்றுவிடாமல் பதினைந்துக்குப் போங்கள். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று வருகிறது. ஆபத்தே வராது என்று அந்தப் பாட்டு நினைத்திருந்தால் அந்த வரிக்கு அங்கே வேலையே இல்லை. அப்புறம் இன்னொன்று. உங்கள் அட்டைக்கு அடுத்த இரண்டு வசனங்களைப் பைபிளில் யார் எடுத்துச் சொல்கிறார் தெரியுமா? பிசாசு. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே, கீழே குதியும் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. 91ஆம் சங்கீதத்தை உத்தரவாதப் பத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று முதலில் மறுத்தவர் அவர்தான். கெத்செமனேயில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னவரும் அவர்தான். அந்த ராத்திரி அவர் பிதாவை விட்டு வெளியே நிற்கவில்லை. பயத்தையும் கொண்டுபோய் அங்கேயே வைத்தார்.

நம் ஊர் ஆட்களைப் பாருங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், சொத்தும் மாடும் போய் மனம் ஒடிந்திருந்தபோது டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரிந்த வரலாறு. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சு தளபதிதான் அந்த டி லனாய். தானே எல்லாம் இழந்தவர் சொன்ன ஆறுதல் அது. நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். யோபுவுக்குப் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இவருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. சிறை, அடி, கடைசியில் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் கத்தோலிக்கர், நாம் வேறு சபை, அது இருக்கட்டும். பாதுகாப்பு கிடைத்ததால் விசுவாசித்தவர் இல்லை அவர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நம் கடற்கரை ஊர்களில் கடல் யாரையெல்லாம் எடுத்துப் போனது? முந்தின நாள் கோயிலுக்குப் போனவர்களைத்தான். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஜெபிக்காமலா கடலுக்குப் போயிருப்பார்கள்? சிலுவை போட்டுக்கொள்ளாமல் வள்ளம் தள்ளுகிற ஆள் அந்தக் கரையில் கிடையாது.

அதனால் "என் விசுவாசம் குறைவா" என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம்.

உங்கள் அம்மா சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "அவன் ஜெபம் பண்ணாமல் வண்டியை எடுத்தான்." கேட்கக் கொடூரமாக இருக்கிறது. இறந்துபோன பிள்ளையைக் குற்றம் சொல்கிற மாதிரி. ஆனால் மகனை இழந்த ஒரு தாய்க்கு அந்த வாக்கியம் என்ன செய்து கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காரணமே இல்லாமல் ஒரு லாரி வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், நாளைக்கு உங்களையும் எடுக்கலாம், பேரப்பிள்ளைகளையும் எடுக்கலாம். அதைத் தாங்க முடியாது. ஜெபிக்காததால் நடந்தது என்றால் ஒரு விதி கிடைக்கிறது. ஜெபித்தால் மற்றவர்களைக் காப்பாற்றிவிடலாம். அந்த வயதான மனசு பிடித்துக்கொண்டு நிற்கிற கொம்பு அது. அதை அவசரமாகப் பிடுங்காதீர்கள். வாதாடவும் வேண்டாம். அம்மா அதைச் சொல்லும்போது, "அவன் பெயரைச் சொல்லி ரெண்டு பேரும் அழுவோம்மா" என்று பக்கத்தில் உட்காருங்கள். தம்பி போன பிறகு அம்மா முன்னால் நீங்கள் ஒரு தடவையாவது வாய்விட்டு அழுதீர்களா என்பது எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது.

யோபுவின் சிநேகிதர்களும் இதே காரணத்தைத்தான் தேடினார்கள். வந்து ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். யோபு என்ன பேசினார்? பிறந்த நாளைச் சபித்தார், ஏன் என்று கேட்டார், கடவுளை வழக்குக்குக் கூப்பிட்டார். அதுதான் நிதானமான பேச்சு என்று தீர்ப்பு வந்தது.

இப்போது நீங்கள் ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். "மோட்டார் ஓடவில்லை, நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்."

கேள்வியாக இதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு உங்களை எழுப்புவதில் பாதி இந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் மோட்டார், கேஸ், கரண்ட் பில், பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாவற்றுக்கும் தம்பியைக் கூப்பிடுவது நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் நடக்கிறது! அதற்கு முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள், எத்தனை தடவை வந்து சரிசெய்துவிட்டு, கட்டன்சாயா குடித்துவிட்டு, வந்த வழியே போயிருப்பான். அந்த ஒரு நாள் லாரி வந்தது. போன் பண்ணினது நீங்கள், மோதினது லாரி. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை உங்கள் மனசு அழித்துவிட்டது. ஏன் அழித்தது? அம்மாவுக்கு 'ஜெபிக்காமல் போனான்' கிடைத்த மாதிரி உங்களுக்கு 'நான் கூப்பிட்டேன்' கிடைத்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாமல் போன ஒரு சாவுக்கு முன்னால் வெறுங்கையாக நிற்பதைவிட, குற்றவாளியாக நிற்பது மனசுக்குச் சுலபம். இது நான் வாரந்தோறும் பார்க்கிற விஷயம், உங்களுக்கு மட்டும் இல்லை.

அடைக்கலம் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நீங்கள் நினைக்கிற அடைக்கலம், இனி யாருக்கும் எதுவும் நடக்காது என்ற உறுதி. அது யாருக்கும் கிடைக்காது. ஆனால் பைபிளில் அடைக்கலப்பட்டணம் என்று ஆறு ஊர்கள் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? யோசுவா 20ஆம் அதிகாரத்தில் பெயர்கள் வருகின்றன: கேதேஸ், சீகேம், எபிரோன், பேசேர், ராமோத், கோலான். அவை புயலுக்கோ பஞ்சத்துக்கோ ஓடி ஒளிகிற ஊர்கள் இல்லை. கைப்பிசகாக, மனதில் பகையில்லாமல், ஒரு சாவுக்குக் காரணமாகிவிட்டவன் ஓடிப்போய் உயிர் பிழைக்க ஏற்படுத்தினவை. உபாகமத்தில் இதற்கு உதாரணமே கொடுத்திருக்கிறது. இரண்டு பேர் காட்டுக்கு மரம் வெட்டப் போகிறார்கள், ஒருவன் கோடாலியை ஓங்குகிறான், இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். இவனைத் தண்டிக்காதே, இவனுக்கு ஒரு ஊர் கொடு என்கிறது நியாயப்பிரமாணம். கோடாலி கையிலேயே இருந்தவனுக்கே கடவுள் ஒரு ஊரை ஒதுக்கி வைத்தார். நீங்கள் செய்தது ஒரு போன். உங்களுக்கு அங்கே இடமில்லை என்று யார் சொன்னது?

அந்த ஊர்களைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓடி வந்தவன் வாசலில் நின்று நடந்ததை ஊர்ப் பெரியவர்கள் காதில் போடவேண்டும், அப்புறம்தான் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். அதாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு எழுதினதிலும் பாதி ஒளித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சபை ஆயரிடம், முடிந்தால் அவர் மனைவியும் கூட இருக்கும்போது, ஒரு நாள் போய் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஜெபக்கூட்டத்தில் பொதுவில் சொல்லாதீர்கள், அது சாட்சி சொல்கிற இடமாக மாறிவிடும். இன்னொன்று, அங்கே போனவன் பிரதான ஆசாரியன் சாகும்வரை அந்த ஊரிலேயே வாழ்ந்தான். அது வருஷக்கணக்கு. வேலை செய்தான், சமைத்துச் சாப்பிட்டான், அக்கம்பக்கத்தோடு பழகினான். குற்ற உணர்ச்சியிலிருந்து வெளியே வருவது ஒரே ராத்திரி உபவாச ஜெபத்தில் முடிகிற வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ராத்திரிக்கு என்ன செய்வது? படபடப்பு தொடங்கினால் படுத்தே கிடக்காமல் எழுந்து உட்காருங்கள், இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். அதோடு சேர்த்துச் சொல்ல ஒரு வசனம் வேண்டுமென்றால், சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயப்படமாட்டேன் என்று தாவீது சொல்லவில்லை. முதல் பாதிக்கு மூச்சை இழுங்கள், இரண்டாம் பாதிக்கு மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு தடவை சொன்ன பிறகும் "பயம் போய்விட்டதா?" என்று சோதிக்காதீர்கள். அந்தச் சோதனைதான் அடுத்த படபடப்பைக் கூப்பிடும். பயம் இருக்கட்டும், நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள், அது தானாக இறங்கும்.

பிள்ளைகளின் மூச்சைப் பார்ப்பதும் குவைத்துக்குப் போன் பண்ணுவதும் இப்படிப்பட்ட சோதனைகள்தான். பார்த்தவுடன் நிம்மதி, ஆனால் மூளை "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று கற்றுக்கொள்கிறது, அடுத்த ராத்திரி மறுபடி பார்க்கச் சொல்கிறது. ஒரேயடியாக நிறுத்த முடியாது. முதலில் ஐந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள், அப்புறம் பத்து. இங்கே 2 மணி என்றால் உங்கள் கணவருக்கு அங்கே 11.30. அவர் எடுப்பார்தான். ஆனால் அந்தப் பேச்சை ராத்திரி 9 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பயத்தைப் பற்றி மட்டும் பேசாமல் தம்பியைப் பற்றியும் பேசுங்கள், அவருக்கும் மச்சான் போயிருக்கிறான்.

தலையணைக்கு அடியில் பைபிள் இருக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் பகலில் வெளியே எடுத்துப் படியுங்கள். 91 தொண்டையை அடைத்தால் விட்டுவிட்டு 13க்குப் போங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. 88 இன்னும் கடினம், இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூடக் கிடையாது. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கோபம் இருந்தால் கோபத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். சுவரில் மாட்டின பிரேமைப் பார்க்கும்போது எரிச்சல் வந்தால் கொஞ்ச நாளைக்கு எடுத்து அலமாரியில் வையுங்கள். அதனால் சாபம் எதுவும் வராது. மறுபடி மாட்டத் தோன்றினால் மாட்டுங்கள், தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும் நேராகக் கேட்டுவிடுகிறேன். "செத்துவிடுவேனோ" என்ற பயம் வேறு, "செத்தால் நல்லது" என்ற நினைப்பு வேறு. முதலாவது இந்த நோயின் அடையாளம். இரண்டாவது எப்போதாவது எட்டிப் பார்த்தால் காலை வரைக்கும்கூடக் காத்திருக்கக்கூடாது. 14416க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் நேராகப் போகலாம். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகு மலையில்தான்.

கடைசியாக உங்கள் மகள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி அம்மா எழுந்து தன் மூக்குக்கு நேராகக் கை வைத்துப் பார்ப்பதை அறியாமல் தூங்குகிறாள் என்று நினைக்காதீர்கள். அவளிடம் மறைக்க வேண்டாம். "மாமா போனதிலிருந்து அம்மாவுக்கு ராத்திரி நெஞ்சு படபடக்குது, டாக்டர்கிட்ட காட்டுறேன், சரியாகிவிடும்" என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். உங்கள் மகனுக்கும் இதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாமா எப்படி இறந்தார், ஏன் அன்றைக்கு வந்தார் என்று அவள் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். மோட்டார் கெட்டிருந்தது, அம்மா கூப்பிட்டேன், வரும் வழியில் லாரி மோதிவிட்டது என்று அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும்.